நாலு பிளஸ்: சர்க்கரைக்கு வழிவிடும் உப்பு

போன மாதம் லேபிலிருந்து பரிசோதனைத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 118. எழுபதைத் தாண்டியவனுக்கு, அதுவும் இருபது வருஷமாக நீரிழிவோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு, அது நல்ல மார்க்குதான். பெருமையோடு தாளை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"என்னங்க இது? யூரின்ல நாலு பிளஸ்னு போட்டிருக்கான்!"

அன்று மத்தியானம் என் தட்டில் சோறு பாதியாகக் குறைந்துவிட்டது. பலகாரம் ஏதாவது திருட்டுத்தனமாகச் சாப்பிட்டேனா என்று விசாரணை வேறு. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் மற்றவர்களிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பெழுதியவன் நான். என் வீட்டில் என்னிடமே விளக்கம் கேட்கப்பட்டது. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ரத்தத்தில் இல்லாத சர்க்கரை சிறுநீரில் எங்கிருந்து வந்தது?

மறுநாள் டாக்டரிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, மூணு மாசம் முன்னாடி ஒரு மாத்திரை சேர்த்தேன் இல்லையா, அது சர்க்கரையை யூரின்ல வெளியே தள்ளுற மாத்திரை. நாலு பிளஸ் வந்தா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். முன்னாடியே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்" என்றார்.

அந்த மாத்திரையின் பெயர் டாபாகிளிஃப்ளோசின். உங்களில் பலர் இதையோ, இதன் உடன்பிறப்பான எம்பாகிளிஃப்ளோசினையோ சாப்பிடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். காலை நடையில் நாம் பேசிக்கொள்வதில் பாதி இதுதானே. ஆனால் டாக்டர் சொன்னது எனக்கு லேசில் ஜீரணமாகவில்லை. காரணம் என் அப்பா.

1970-களில் எங்கள் வீட்டு அடுப்படி மாடத்தில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு பாட்டில் நீல மருந்து இருக்கும். பெனடிக்ட் கரைசல். ஐந்து மில்லி கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், ஆரஞ்சு என்றால் இன்னும் கூடுதல். செங்கல் நிறம் வந்துவிட்டால் நாலு பிளஸ். வீட்டிலேயே ரத்தத்தைச் சோதிக்கும் கருவி எங்களுக்குத் தெரியாத காலம். அப்பா தினமும் காலையில் குழாயை விளக்கின் மேல் பிடித்தபடி நிற்பார். செங்கல் நிறம் வந்த அன்று யாரோடும் பேசமாட்டார். கடைசியில் சிறுநீரகம் கெட்டுத்தான் போனார். அவருக்குத் தண்டனையாக இருந்த அந்தச் செங்கல் நிறம் எனக்கு எப்படி மருந்தாயிற்று? இதைத் தேடிப் படித்ததில் கிடைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. கோப்பைப் படித்துச் சுருக்கம் எழுதப் பழகிய குமாஸ்தா. அந்த முறையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பழைய கணக்கு. சிறுநீர் இனிக்கும் நோய் என்று இதை நம் நாட்டு வைத்தியர்கள் ஆதியிலேயே அறிந்திருந்தார்கள். மதுமேகம் என்ற பெயரிலேயே தேன் இருக்கிறது. ஐரோப்பாவில் 17-ம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் இந்த இனிப்பைப் பற்றி எழுதினார். அது என்ன இனிப்பு என்பதை 1815-ல் ஷெவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்தார். திராட்சைச் சர்க்கரை, அதாவது இன்று நாம் குளுக்கோஸ் என்று சொல்வது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் இயற்கை அறிவியல் பாடத்தில் க்ளோத் பெர்னார் பெயர் வராத வருஷம் இல்லை. கல்லீரலே சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது என்று 1848-ல் கண்டவர் அவர். சர்க்கரையை அது கிளைக்கோஜன் என்ற உருவில் சேமித்து வைப்பதையும் பிறகு காட்டினார். 1878-ல் அவர் இறந்தபோது பிரான்ஸ் நாடு அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. ரத்தத்தில் சர்க்கரை ஒரு அளவைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும் என்பதையும் அவர் சொல்லியிருந்தார். குளம் நிரம்பினால்தான் கலிங்கில் வழியும் என்பது போல. அந்தக் கலிங்கின் மட்டம் ரத்தத்தில் ஏறத்தாழ 180 என்று இன்று சொல்கிறார்கள். அப்பாவின் குழாயில் வந்த செங்கல் நிறம் இப்படி வழிந்த வெள்ளம்தான். 118-ல் இருக்கும் என் குளம் வழிய நியாயமில்லை. ஆகவே என் கதை வேறு. அது ஒரு ஆப்பிள் மரத்தில் தொடங்குகிறது.

1820-ல் பாரிசில் பெல்த்தியே, காவாந்து என்ற இரண்டு மருந்தாளர்கள் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு அருமருந்து. ஆனால் மரமோ தென் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், விலையோ ஏகம். அதனால் நம் ஊர் மரங்களில் கசப்பான பட்டை எதுவும் கொய்னாவுக்கு ஈடாகாதா என்று ஐரோப்பாவில் பலர் தேடிக்கொண்டிருந்தார்கள். கசந்தால் காய்ச்சலுக்கு ஆகும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. வேப்பம்பட்டைக் கஷாயம் குடித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

1835-ல் த கோனிங்க், ஸ்தாஸ் என்ற இருவர் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். பட்டை, வேர் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு ஃப்ளோரிசின் என்று பெயர் வைத்தார்கள். இவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் பெல்ஜிய நாட்டு லூவேன் நகரத்தார். பிரெஞ்சு பள்ளியில் படித்தவன் என்பதற்காகப் பிறர் பெருமையை எங்கள் வாத்தியார்கள் பக்கம் எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஃப்ளோரிசின் கசந்ததே தவிர, கொய்னாவின் இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை. ஐம்பது வருஷம் ஒரு ஓரத்தில் கிடந்தது.

1886-ல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஃபான் மேரிங் என்ற ஜெர்மன் மருத்துவர் அதை ஒரு நாய்க்குக் கொடுத்துப் பார்த்தார். நாயின் சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. ஸ்ட்ராஸ்பூர்க் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. அல்சாஸ் பறிபோன வருத்தத்தை எங்கள் பாடப் புத்தகத்தில் படித்து, பார்க்காத ஊருக்காகக் கண் கலங்கியவர்கள் நாங்கள். அதே ஊரில் இப்படியொரு வேலை நடந்துகொண்டிருந்ததை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1889-ல், அதே ஊரில் ஃபான் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தார்கள். அந்த நாய்க்கு நிஜமான நீரிழிவு வந்தது. இந்த வழி நேராக 1921–22-ல் கனடாவின் டொரண்டோவுக்குப் போய், இன்சுலினில் முடிந்தது. லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய வழி. அதனால் உலகம் அந்தப் பக்கம் ஓடியதில் தப்பில்லை.

ஆனால் முதல் நாயை யோசித்துப் பாருங்கள். அதன் கணையம் நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லை. ஆனாலும் சிறுநீரில் சர்க்கரை. என் பரிசோதனைத் தாள்தான் அது! 1933-ல் நியூயார்க்கில் ஹோமர் ஸ்மித்தும் அவர் கூட்டாளிகளும் மனிதர்களுக்கே ஃப்ளோரிசினைக் கொடுத்து, கோளாறு நடப்பது சிறுநீரகத்தில் என்று காட்டினார்கள். சிறுநீரகம் வடித்த சர்க்கரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதபடி இந்தக் கசப்புத் தடுக்கிறது.

சிறுநீரகம் வேலை செய்யும் முறை எங்கள் அலுவலகத்தை நினைவூட்டுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை அது ரத்தத்திலிருந்து வடிக்கிறது. வேண்டியது, வேண்டாதது எல்லாமே முதலில் வெளியே வந்துவிடும். அதில் 180 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் இருக்கும். பிறகு நுண்ணிய குழாய்களில் உட்கார்ந்திருக்கும் செல்கள் வேண்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும். ஆரோக்கியமான ஆளிடம் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். எப்படிப் பொறுக்குகிறது? சர்க்கரை செல்லின் எண்ணெய்ப் பசையுள்ள சுவரைத் தானாகக் கடக்க முடியாது. வாசல் வேண்டும். அந்த வாசல் எது என்பது அடுத்த முப்பது வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

1960 ஆகஸ்டில் பிராக் நகரில் ஒரு கருத்தரங்கு. அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் கிரேன், குடல் எப்படிச் சர்க்கரையை உறிஞ்சுகிறது என்பதற்கு அங்கே ஒரு விளக்கம் வைத்தார். சர்க்கரை தனியாக வருவதில்லை, சோடியத்தோடு சேர்ந்துதான் வருகிறது என்றார். சோடியம் என்றால் நம் சோற்றுப்பில் பாதி.

இது புரிய இன்னொருவரையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ. நண்டுக் காலின் நரம்பை வைத்து ஆராய்ந்து 1957-ல் ஒரு பம்பைக் கண்டவர். ஒவ்வொரு செல்லின் சுவரிலும் அந்தப் பம்பு உண்டு. ஒரு முறை இயங்கினால் மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நாம் தூங்கினாலும் அது தூங்காது. இதற்காக அவருக்கு 1997-ல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. நாற்பது வருஷம் கழித்து! நம் பென்ஷன் நிலுவையைப் பற்றி இனிக் குறை சொல்லக் கூடாது.

இந்தப் பம்பினால் செல்லுக்கு உள்ளே சோடியம் குறைவு, வெளியே கூட்டம். கூட்டத்துக்கு உள்ளே வர ஆசை. ஆனால் ஒரு வாசலில் ஒரு கண்டிப்பு: கைப்பிள்ளையோடு வருபவர்களுக்கு மட்டுமே அனுமதி. அந்தக் கைப்பிள்ளைதான் சர்க்கரை. சோடியம் சர்க்கரையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வரும். உள்ளே வந்த சோடியத்தைப் பம்பு திரும்பவும் வெளியே தள்ளிவிடும். சர்க்கரை மட்டும் மறுபக்கத்து வாசல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சேரும்.

எல்லா வாசலுக்கும் இந்தக் கண்டிப்பு இல்லை. தசையிலும் கொழுப்பிலும் வேறு விதமான வாசல். அங்கே சர்க்கரை அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாக இறங்கும். ஆனால் இன்சுலின் வந்து தட்டினால்தான், செல்லுக்குள் பதுக்கி வைத்திருக்கும் அந்த வாசல்கள் மேலே வரும் என்று 1980-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. நமக்கு வந்திருக்கும் நீரிழிவின் பெரும்பங்கு இங்கேதான். இன்சுலின் தட்டுகிறது, வாசல்கள் சரியாக மேலே வரமாட்டேன் என்கின்றன.

கிரேன் சொன்ன உப்பு வாசல் முதலில் காப்பாற்றியது நம்மைப் போன்ற சர்க்கரைக்காரர்களை அல்ல, காலராக்காரர்களை. காலராவில் உடம்பு நீரெல்லாம் கொட்டிப்போகும். ஆனால் குடலின் இந்த வாசல் மட்டும் கெடாமல் இருக்கும். அதனால் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கரைத்துக் குடித்தால், இரண்டும் கைகோத்து உள்ளே போகும், தண்ணீரும் பின்னாலேயே போகும். வெறும் உப்புத் தண்ணீரால் இது நடக்காது. 1968-ல் டாக்காவில் இதை நோயாளிகளிடம் நிரூபித்தார்கள்.

1971-ல் வங்காளதேசப் போர். அகதிகள் வெள்ளம்போல் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருக்கிறது. திலீப் மஹாலனாபிஸ் என்ற டாக்டர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. பொட்டலமாகக் கட்டி, டிரம்மில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். முன்பு 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், இந்தக் கரைசல் கொடுத்தவர்களில் இறந்தவர்கள் 100-க்கு நாலு பேருக்கும் குறைவு. மஹாலனாபிஸ் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் அடுத்த வருஷம் வந்தது.

வயிற்றுப்போக்குக்கு நம் பாட்டிகள் உப்புப் போட்ட கஞ்சி கொடுத்தார்கள். சோற்றுக் கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடையும், கூடவே உப்பு. பாட்டிக்கு சோடியமும் தெரியாது, பிராக் நகரமும் தெரியாது. வாசல் மட்டும் தெரிந்திருக்கிறது.

மறுபடி சிறுநீரகத்துக்கு வருவோம். 1987 இந்தக் கதையில் முக்கியமான வருஷம். லாஸ் ஏஞ்சலிஸில் எர்னஸ்ட் ரைட்டும் அவர் குழுவினரும், முயலின் குடலிலிருந்து எடுத்த மரபுச் செய்தியைத் தவளை முட்டைக்குள் செலுத்தி, முட்டை சர்க்கரையை இழுப்பதை வைத்து அந்த வாசலின் மரபணுவையே பிடித்தார்கள். அதற்கு எஸ்.ஜி.எல்.டி. 1 என்று பெயர். பின்னால் சிறுநீரகத்தில் அதன் தம்பியும் அகப்பட்டான். எஸ்.ஜி.எல்.டி. 2. குடலின் அண்ணன் ஒரு சர்க்கரைக்கு இரண்டு சோடியம் கேட்பான். சிறுநீரகத்தின் தம்பி ஒன்றுக்கு ஒன்றோடு திருப்திப்படுவான். வடிந்த சர்க்கரையில் சுமார் 90 சதவீதத்தை மீட்பது தம்பிதான். மிச்சத்தை அண்ணன் பார்த்துக்கொள்வான்.

அதே 1987-ல் அமெரிக்காவில் ரோசெட்டி, டிஃப்ரான்சோ ஆகியோர் கணையத்தின் பெரும்பகுதியை எடுத்து நீரிழிவு வரவழைத்த எலிகளுக்குப் பழைய ஃப்ளோரிசினைக் கொடுத்தார்கள். சர்க்கரை சிறுநீரில் போனது, ரத்தத்தில் இறங்கியது. அதோடு நிற்கவில்லை. இன்சுலின் தட்டினால் திறக்க மறுத்த தசைகள் மீண்டும் திறந்தன. ரத்தத்தில் தேங்கிய சர்க்கரையே உடம்பை மந்தமாக்கும் நஞ்சு என்பது அப்போது விளங்கியது.

அப்படியானால் ஃப்ளோரிசினையே மாத்திரையாக்கியிருக்கலாமே என்றால், முடியாது. வாயால் விழுங்கினால் குடலிலேயே அது உடைந்துவிடும். அதோடு அண்ணன், தம்பி இரண்டு பேரையும் அடைக்கும். குடலில் அண்ணனை அடைத்தால் சர்க்கரை உறிஞ்சப்படாமல் வயிற்றுப்போக்கு வரும். பிறவியிலேயே அண்ணன் பழுதாக இருக்கும் குழந்தைகள் தாய்ப்பால் குடித்தாலே கடும் பேதியில் உயிருக்குப் போராடும். ஆனால் பிறவியிலேயே தம்பி பழுதானவர்கள் அபூர்வமாக இருக்கிறார்கள். அவர்கள் சிறுநீரில் வாழ்நாள் முழுக்கச் சர்க்கரை போகும். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு குறையும் இல்லை. மருந்து செய்கிறவர்களுக்கு இயற்கை எழுதிக் கொடுத்த குறிப்பு இது: தம்பியை மட்டும் அடை, அண்ணனை விட்டுவிடு.

ஜப்பானில் தனாபே நிறுவனத்தார் 1999-ல் விழுங்கக்கூடிய ஒரு பொருளை அறிவித்தார்கள். 2008-ல் ஒரு அமெரிக்க மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள், குடலில் உடையாதபடி சர்க்கரைப் பகுதியை வேறு விதமாகப் பிணைத்துச் செய்த டாபாகிளிஃப்ளோசினை வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் 2012-ல் அனுமதி. அமெரிக்க அதிகாரிகள் முதலில் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். புற்றுநோய் பற்றிய சந்தேகத்துக்கு மேலும் விவரம் கேட்டு, 2014 ஜனவரியில்தான் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குள் 2013-லேயே கானாகிளிஃப்ளோசின் அங்கே அனுமதி பெற்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் பெயரின் வாலைப் பாருங்கள். ஃப்ளோசின். 1835-ன் ஆப்பிள் வேர்ப்பட்டை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மாத்திரையால் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை சர்க்கரை சிறுநீரில் போகிறது. இதில் எனக்கு மனதைத் தொட்ட விஷயம் ஒன்று உண்டு. நீரிழிவுக்காரர்களின் சிறுநீரகம், ரத்தத்தில் சர்க்கரை தேவைக்கு மேல் இருக்கும்போதும், வழக்கத்தைவிட அதிகமாகப் பொறுக்கித் திருப்பி அனுப்புகிறதாம். பஞ்ச காலத்தில் ஒரு பருக்கையையும் விடாதே என்று போட்ட பழைய உத்தரவை, வீடு முழுக்க மூட்டை அடுக்கியிருக்கும்போதும் நிறைவேற்றிக்கொண்டிருக்கும் விசுவாசமான குமாஸ்தா. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். மாத்திரை அவரைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்கிறது.

2015 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் ஒரு மருத்துவ மாநாட்டில் யாரும் எதிர்பாராத முடிவு வந்தது. புதிய நீரிழிவு மருந்துகள் இதயத்துக்குக் கெடுதல் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும் என 2008-ல் அமெரிக்கா நிபந்தனை போட்டிருந்தது. அதற்காக எம்பாகிளிஃப்ளோசினை 7,020 பேரிடம் சோதித்தார்கள். கெடுதல் இல்லை என்று காட்டினால் போதும் என்று போனவர்களுக்கு, இதய நோயால் வரும் மரணம் 38 சதவீதம் குறைந்ததாக விடை வந்தது. 2019-ல் டாபாகிளிஃப்ளோசின் இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு உதவுவது தெரிந்தது. அந்தச் சோதனையில் பாதிப் பேருக்கு மேல் நீரிழிவே கிடையாது. 2019, 2020-ல் சிறுநீரகம் கெடுவதையும் இவை மெதுவாக்குகின்றன என்று காட்டினார்கள். சோடியம் குழாயில் கூடுதலாக ஓடுவதைக் கண்ட சிறுநீரகம், வடிகட்டிக்கு வரும் ரத்த நாளத்தைச் சற்று இறுக்கிக்கொள்கிறது. வடிகட்டிக்குள் அழுத்தம் குறைகிறது. அப்பாவுக்குக் கெட்டது அந்த வடிகட்டிதான்.

நம் நாட்டில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்தது, எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சில். அதன் பிறகு பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி, விலை பென்ஷன்காரர்களுக்கு எட்டுகிற இடத்துக்கு இறங்கியது.

இது எல்லோருக்கும் ஏற்ற மாத்திரை அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நாமாக வாங்கி விழுங்கக் கூடாது. சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. சிறுநீரில் இனிப்பு இருப்பதால் பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், சுத்தமாகக் கழுவிக்கொள்ளுங்கள். தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள். அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வார்கள். ஆகவே கண் ஆபரேஷனாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டினி கிடந்தாலோ, வாந்தி பேதி என்றாலோ, அபூர்வமாக ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். இதில் வஞ்சகம் என்னவென்றால், அப்போது ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறியிருக்காது. சர்க்கரை நார்மல்தானே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. முழு நாள் விரதம் இருக்கும் அம்மாமார்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பேதியானால் இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று உடனே கேளுங்கள். சர்க்கரை இருக்கிறதே என்று உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கண்ணை மூடி ஒதுக்காமல், அதையும் கேளுங்கள். அன்றைக்கு நமக்குச் சிறுநீரகத்தின் வாசல் மூடியிருப்பதைவிடக் குடலின் வாசல் திறந்திருப்பது முக்கியம்.

இவ்வளவையும் என் மனைவியிடம் இரண்டு நாள் உட்கார்ந்து சொன்னேன். மாமனாரின் ஸ்பிரிட் விளக்கு அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் அவள்தான் அதைத் துடைத்து வைப்பாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உங்க அப்பாவுக்கு வந்த சிவப்பும் உங்களுக்கு வந்த சிவப்பும் ஒண்ணு இல்லைன்னு சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் விஷயம். அவருடையது கரை மீறி வழிந்தது, என்னுடையது மதகைத் திறந்து விட்டது. அவர் நின்று பார்த்த அந்தக் குழாய்க்கு இந்த வித்தியாசம் தெரியாது. இன்றைய லேப் இயந்திரத்துக்கும் தெரியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சிறுநீர் பரிசோதனைக்குப் போகும்போது, சீட்டின் மேல் நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சோறு பாதியாகக் குறையாமல் இருக்கும்.